மாமனார் விசிறி

தம்பி, மோட்டாரைத் தொடுவதற்கு முன்னால் ஒரு விடுகதை போடுகிறேன், சொல்லுங்கள் பார்ப்போம். மூன்று காது உண்டு, ஒன்றும் கேட்காது. கடைசியில்தான் நிற்கும், முன்னால் இருக்கிறவர்களை எல்லாம் தள்ளிக்கொண்டு போகும். தண்ணீருக்குள்ளேயே வேலை, ஒரு வாய் தண்ணீர் குடிக்காது. அது என்ன?

யோசிக்க வேண்டாம். உங்கள் காலடியில்தான் கிடக்கிறது. அந்தச் சாக்கை விலக்குங்கள். ஒன்று இல்லை, இரண்டு. மோட்டாரின் வாலில் மாட்டுகிற விசிறி. கடையில் புரொப்பல்லர் என்பார்கள், எங்களுக்கு விசிறி. என் பேத்தி இலக்கியாவுக்காக நானே கட்டின விடுகதை இது. விடையைச் சொன்னதும், "அது காது இல்ல தாத்தா, இலை மாதிரியில்ல இருக்கு" என்றாள். எட்டு வயசு. சும்மா ஒத்துக்கொள்ளவே மாட்டாள்.

மோட்டார் வாங்க வருகிறவர்கள் மூடியைத் திறந்து பார்ப்பார்கள், கயிற்றை இழுத்துப் பார்ப்பார்கள், பிளக்கைக் கழற்றி முகர்ந்து பார்ப்பார்கள். விசிறியைப் பார்க்கிறவன் நூற்றில் ஒருவன். ஆனால் கடலில் தள்ளுவது அதுதானே. பத்து ஹெச்.பி. மோட்டாருக்குத் தப்பான விசிறியை மாட்டினால் அது ஐந்து ஹெச்.பி. மோட்டார். இந்தக் கரையில் யாருக்கு விசிறி வேண்டும் என்றாலும் முதலில் என்னைக் கேட்டுவிட்டுத்தான் பாம்பனுக்கு பஸ் ஏறுவார்கள். நீங்களும் கோட்டைச்சாமி வீடு எது என்று கேட்டுத்தானே வந்தீர்கள்.

உட்காருங்கள். மோட்டார் எங்கும் ஓடிவிடாது.

போன வாரம் வரைக்கும் இதை யாருக்கும் காட்டவே இல்லை. இலக்கியா என்னோடு இந்த வீட்டில் இருப்பாளா, இல்லை அவள் அம்மாவோடு தொண்டிப் பக்கம் போய்விடுவாளா என்கிற பேச்சு முடியாமல் கிடந்தது. அவள் இருந்தால் மோட்டாரும் இருக்கட்டும், ஆளை வைத்து வள்ளம் ஓட்டியாவது அவளை வளர்த்துவிடலாம் என்று இருந்தேன். எனக்கு வேறு யார்? மனைவி போய்ச் சேர்ந்து வெகு காலம். ஒரே மகன், நம்புவேல். அவனும் இந்தக் கச்சானில், தென்மேற்குக் காற்று அடிக்கிற மாசத்தில், போய்விட்டான். அவன் பிள்ளை அவள். அதே நெற்றி, அதே புருவம்.

சரி, விசிறிக்கு வருகிறேன்.

நடுவில் எண் போட்டிருக்கும், துடைத்துவிட்டுப் பாருங்கள். ஒன்றில் பதினொன்று, இன்னொன்றில் எட்டு. மரத்தில் திருகாணியை ஒரு சுற்று சுற்றினால் கொஞ்சம் உள்ளே இறங்குகிறது இல்லையா? அதே மாதிரி, ஒரு சுற்றுக்கு விசிறி எவ்வளவு முன்னே போகும் என்பதுதான் அந்த எண். பதினொன்று என்றால் பதினொரு அங்குலம். எட்டு என்றால் எட்டு. தண்ணீர் மரம் இல்லை, நழுவும். அதனால் கணக்கு அப்படியே வராது. இருந்தாலும் கணக்கு அதுதான்.

அப்படியானால் எல்லாரும் பதினொன்றையே மாட்டலாமே என்று தோன்றும். இலக்கியாவும் அதைத்தான் கேட்டாள். வள்ளம் லேசாக இருந்தால் பதினொன்று பறக்கும். பாரம் ஏற்றினால் மோட்டாருக்கு மூச்சு முட்டும். முழுக்க முறுக்கினாலும் சுற்று ஏறாது. சத்தம் அடங்கி, உறுமிக்கொண்டே இருக்கும், சூடு ஏறும், புகை கறுக்கும், கடைசியில் நின்றுவிடும். எட்டு அப்படி இல்லை. மெதுவாகத்தான் போகும், ஆனால் பாரத்தையும் சேர்த்து இழுக்கும். லேசுக்குப் பெரிய எண், பாரத்துக்குச் சின்ன எண். இவ்வளவுதான் விஷயம். எனக்கு இது தெரியாதா? ஊருக்கே சொல்லிக் கொடுக்கிறவன் நான்.

எங்கள் வள்ளம் பாசி வள்ளம். கடலுக்கடியில் பாறைத் திட்டு கிடக்கும், அதைப் பார் என்போம். பாசி அதில்தான் முளைக்கும். விடியும்போது பெண்களை ஏற்றிக்கொண்டு போய் அங்கே இறக்கிவிட வேண்டும். விரலில் துணி சுற்றி, காலில் தகடு கட்டி, இடுப்பில் வலைப்பை தொங்க, முங்கி முங்கிப் பறிப்பார்கள். என் மருமகள் நாகஜோதியும் பாசி எடுக்கிறவள்தான். மூச்சுப் பிடிப்பதில் அவளை அடிக்க ஆள் கிடையாது, அதை இல்லை என்று சொல்ல மாட்டேன். நம்புவேல் வள்ளம் ஓட்டுவான். உச்சி சாய்வதற்குள் பறித்ததை எல்லாம் சாக்கில் கட்டி ஏற்றிக்கொண்டு திரும்புவார்கள். ஈரப் பாசி, தம்பி. ஒரு சாக்கைத் தூக்கிப் பார்த்தால்தான் தெரியும்.

ஆக, போகும்போது லேசு, வரும்போது பாரம். இப்போது நீங்கள் சொல்லுங்கள், எந்த விசிறி?

இரண்டுக்கும் நடுவில் ஒன்பது, பத்து என்று ஒன்றை வாங்கலாம் என்பீர்கள். சொல்லாதவர்கள் இல்லை. அது எதற்கும் உதவாது. எங்கள் கரையில் ஒரு வழக்கம் இருக்கிறது. எந்த வள்ளம் முதலில் போய் நங்கூரம் போடுகிறதோ, அன்றைக்கு அந்தப் பார் அந்த வள்ளத்துப் பெண்களுக்குத்தான். பிந்தி வருகிறவர்கள் தள்ளிப் போய் மிச்சம் மீதியைத் தேட வேண்டும். அப்படியிருக்க, வேகம் இல்லாத விசிறியை மாட்டிக்கொண்டு போய் என்ன செய்ய? பதினொன்று மாட்டின நாளிலிருந்து எங்கள் வள்ளம்தான் முதல். நல்ல பாசி எல்லாம் எங்களுக்குத்தான். இந்தப் பெண்கள்தான் அப்போது, "கோட்டைச்சாமி அண்ணன் விசிறி இல்லைன்னா நாங்க இல்லை" என்று சொன்னார்கள். இப்போது யாரும் அதைச் சொல்வதில்லை.

வரும்போது மோட்டார் கொஞ்சம் திணறும்தான். திணறட்டுமே. காற்று இல்லாத மாசத்தில் மெதுவாக வந்து சேர்ந்தால் என்ன கெட்டுவிடும்?

நாகஜோதிக்கு அது பிடிக்கவில்லை. ஒருநாள் சாப்பாடு போட்டுக்கொண்டே, "மாமா, போறதுக்கு விசிறி வாங்கிட்டீக. வர்றதுக்கு?" என்று கேட்டாள். "வர்றதுக்கு என்னம்மா அவசரம்" என்றேன். நம்புவேல் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. கச்சான் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், பாம்பனுக்குப் போய் இந்த எட்டை வாங்கிக்கொண்டு வந்து நின்றாள். ஊரெல்லாம் என்னிடம் வந்து கேட்கிறது, என் வீட்டில் இருக்கிறவள் மெக்கானிக்கைக் கேட்டு வாங்கி வருகிறாள். நீங்களாக இருந்தால் எப்படி இருக்கும்?

அதற்கப்புறம் நம்புவேல் பாடுதான் திண்டாட்டம். எனக்கு மனசு கோணாமல் இரண்டு நாள் பதினொன்றை மாட்டுவான். அவளுக்கு மனசு கோணாமல் மூன்று நாள் எட்டை மாட்டுவான். பாசிக்குப் போகிற பெண்கள் அதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். பதினொன்றுக்கு மாமனார் என்று பேர் வைத்தார்கள், எட்டுக்கு மருமகள். வள்ளத்தில் ஏறும்போதே, "என்ன நம்பு, இன்னைக்கு யாரு தள்ளப் போறா, மாமனாரா, மருமகளா?" என்பார்கள். "மருமகதான்" என்றால், "அப்ப சோறு பொங்கிச் சாப்பிட்டுட்டே போகலாம், பொழுது கிடக்கு" என்று ஒருத்தி. "மாமனாருதான்" என்றால், "ஐயோ, போறது நல்லாத்தான் இருக்கும், வர்றப்ப மனுசன் முக்குவாரே" என்று இன்னொருத்தி. எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். என்ன செய்ய, கரையில் நின்றுகொண்டு முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ள முடியுமா?

கச்சான் பிடித்ததும் நம்புவேல் எட்டை மட்டும்தான் மாட்டினான். நான் ஏன் என்று கேட்டேன். "காத்து நிக்கட்டும்பா, உங்க விசிறியை மாட்டிருவோம்" என்றான். நல்ல பிள்ளை. எதிர்த்து ஒரு வார்த்தை பேச மாட்டான்.

ஆனால் தம்பி, எங்கள் வள்ளம் கடைசியாகப் போனது. தினமும் கடைசி. மற்ற வள்ளங்கள் போய் நங்கூரம் போட்ட பிறகு இவர்கள் போய் ஓரமாக நிற்பது. சாக்குகள் அரையும் முக்காலும் வந்தன. டீக்கடையில் ஒருவன் என் காதுபட, "கோட்டைச்சாமி வள்ளம் வர்றப்ப நாம திரும்பிருவோம்" என்றான். என் வள்ளம் கடைசியாகப் போவதை இந்தக் கரை அதுவரைக்கும் பார்த்ததில்லை.

அன்றைக்கு விடிகாலையில் காற்றே இல்லை. இலை அசையவில்லை. நானும் இலக்கியாவும் கரைக்கு வந்தோம். அவள் எப்போதும் என்னோடுதான் வருவாள், என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு. நம்புவேல் மோட்டாரை வள்ளத்தில் மாட்டிவிட்டு பெட்ரோல் கேன் எடுக்க வீட்டுக்குப் போயிருந்தான். மோட்டாரில் எட்டு இருந்தது. பிள்ளைக்கு எதற்குச் சிரமம், நாமே மாற்றிக் கொடுத்துவிடுவோம் என்று நினைத்தேன். பெரிய வேலை ஒன்றும் இல்லை. பின்னை நிமிர்த்தி உருவ வேண்டும், நட்டைக் கழற்ற வேண்டும், வாசரை எடுத்துவிட்டு விசிறியை இழுத்தால் கையோடு வந்துவிடும். பின்னையும் நட்டையும் இலக்கியாவின் கையில்தான் கொடுத்தேன், மணலில் விழுந்தால் தேட முடியாது. இரண்டு கையையும் சேர்த்துக் குவித்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

"தாத்தா, இது அம்மா வாங்குனதுல்ல?" என்றாள்.

"ஆமா."

"ஏன் கழட்டுறீக?"

"அம்மாவுக்குக் கடல் தெரியும். தாத்தாவுக்கு விசிறி தெரியும். நட்டைக் குடு."

கொடுத்தாள். நீதான் எடுத்துக் கொடுத்தாய் என்று யாரிடமும் சொல்லாதே, அம்மா திட்டுவாள் என்று சொல்லி வைத்தேன். இன்றுவரைக்கும் அவள் யாரிடமும் சொல்லவில்லை. அவ்வளவு ஒட்டுதல் என்னிடம். அந்த ஒட்டுதலைப் போன வாரம் ஊர்க் கூட்டத்தில் சொன்னேன், ஒருவரும் நம்பவில்லை.

நம்புவேல் கேனோடு வந்தான். மோட்டார் மேலே தூக்கித்தான் இருந்தது, விசிறி கண்ணுக்குத் தெரிந்தது. பார்த்தான். என்னைப் பார்த்தான். கேனை வள்ளத்துக்குள் வைத்தான். நாகஜோதிதான், "மாமா, மாத்திப்புட்டீகளா?" என்றாள். பெண்கள் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். பக்கத்து வள்ளங்கள் தண்ணீரில் இறங்கிவிட்டன. திரும்ப மாற்ற நேரம் இல்லை. அவள் என் கையில் இருந்த எட்டைப் பார்த்து, "அதையாச்சும் குடுங்க, வள்ளத்துல கிடக்கட்டும். வர்றப்ப மாட்டிக்கிடுதோம்" என்றாள். நான் கொடுக்கவில்லை. நடுக்கடலில், ஆடுகிற வள்ளத்தில், நட்டைக் கழற்றித் தண்ணீரில் விட்டால் என்ன செய்வார்கள்? உள்ளதும் போய்விடும். நான் சொன்னது நியாயமா இல்லையா? நீங்களே சொல்லுங்கள்.

போனார்கள். நீங்கள் பார்த்திருக்க வேண்டும், தம்பி. முன்பக்கம் தூக்கிக்கொண்டு, அம்பு மாதிரி. முன்னால் கிளம்பின அத்தனை வள்ளத்தையும் தாண்டிப் போய் முதல் நங்கூரம் எங்கள் நங்கூரம்தான். அதை ஒருவரும் மறுக்க முடியாது. அன்றைக்கு எங்கள் வள்ளம்தான் முதல்.

உச்சிக்கு முன்னாலேயே காற்று ஏறிவிட்டது. அந்த மாசத்தில் அப்படித்தான், ஒரு நாள் இருப்பது போல இன்னொரு நாள் இருக்காது. நல்ல பாரில் இறங்கினதால் நல்ல பாசி. சாக்கு சாக்காகக் கட்டியிருக்கிறார்கள். அங்கேதான் நான் சொல்கிறேன், ஒரு சாக்கைக் குறைத்திருக்கலாம். கடைசிச் சாக்கை யார் ஏற்றச் சொன்னது? நாகஜோதிதான் அந்தப் பெண்களுக்கெல்லாம் மூத்தவள் மாதிரி. அவள் போதும் என்று சொல்லியிருந்தால் போதும்தானே. சொல்லவில்லை. இதை ஊரில் யாரும் கேட்பதில்லை. விசிறியைத்தான் பேசுகிறார்கள்.

நானும் இலக்கியாவும் கரையில் இருந்தோம். காற்று கரைப் பக்கம் அடித்தது, அதனால் வள்ளம் தெரிவதற்கு முன்னாலேயே சத்தம் கேட்டது. என் மோட்டாரின் சத்தம் எனக்குத் தெரியும். உறுமிக்கொண்டு வந்தது. "அந்தா வர்றாக அம்மாவும் அப்பாவும்" என்றேன். "ஏன் தாத்தா அப்படிக் கத்துது?" என்றாள். "பாரம் இழுக்குதுல்ல, அதான்" என்றேன்.

திரும்பி வரும்போது அலை பின்னால் இருந்து வரும். வள்ளம் அதற்குப் பிடிகொடுக்காமல் முன்னால் ஓட வேண்டும். ஓடாவிட்டால் அலை பின்பக்கமாக ஏறி உள்ளே விழும். அது எனக்குத் தெரியாததா? சத்தம் வந்துகொண்டே இருந்தது, பிறகு நின்றுவிட்டது. விசிறியில் பாசி சுற்றியிருக்கும், எடுத்துவிட்டுக் கிளப்புவான் என்று சொன்னேன். இலக்கியா என் விரலை விட்டுவிட்டாள். தண்ணீர் வரைக்கும் போய் நின்றாள்.

பிறகு கிளம்பவில்லை.

பெண்கள் சொன்னதுதான் எனக்குத் தெரியும். மோட்டார் கொதித்து நின்றதும் வள்ளம் அலைக்குக் குறுக்கே திரும்பிவிட்டதாம். தண்ணீர் ஏறியதும் எல்லாரும் வலைப்பையை அவிழ்த்துவிட்டு, கேனையும் பலகையையும் பிடித்துக் குதித்துவிட்டார்கள். எல்லாரும் நீந்தத் தெரிந்தவர்கள். நம்புவேல் மட்டும் குதிக்கவில்லை. கயிற்றை இழுத்துக்கொண்டே இருந்தான். "விட்டுட்டு வாங்க, விட்டுட்டு வாங்க" என்று நாகஜோதி தண்ணீருக்குள் இருந்து கத்தியிருக்கிறாள். "அப்பா மோட்டாரு" என்றானாம். அதுதான் கடைசி. அடுத்த அலையில் வள்ளம் அவன் மேலேயே கவிழ்ந்தது. பின்னால் வந்த வள்ளக்காரர்கள் பெண்களைத் தூக்கினார்கள். மோட்டாரையும் வள்ளத்தோடு கட்டி இழுத்து வந்தார்கள். அவனைச் சாயங்காலம்தான் கொண்டுவந்தார்கள்.

ஒரு நிமிஷம்.

மோட்டாரைப் பிறகு நானே பிரித்துச் சுத்தம் செய்தேன். உப்புத் தண்ணீர் ஒரு சொட்டு உள்ளே இல்லை. பயப்படாமல் வாங்கலாம்.

நாகஜோதி என்னை ஒரு வார்த்தை பேசவில்லை, தம்பி. அழுதாள், விழுந்தாள், எல்லாம் செய்தாள். என்னைப் பார்த்து ஒரு வார்த்தை இல்லை. பேசினாலாவது பதில் சொல்லலாம். சோறு வைப்பாள், தண்ணீர் வைப்பாள், போய்விடுவாள். இலக்கியாவும் மாறிவிட்டாள். என்னோடு கரைக்கு வருவதில்லை. நான் கூப்பிட்டால் அடுப்படிக்குள் போய் நிற்பாள். ராத்திரி கையைக் கழுவிக் கழுவி வருகிறாள் என்று நாகஜோதி பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கிறாள். அப்பனை இழந்த பிள்ளை, பயந்து போயிருக்கிறது. அதோடு, ஆத்தாக்காரி ஏதாவது சொல்லிக் கொடுத்திருப்பாள். வேறு என்ன இருக்க முடியும்?

அதற்குள் நாகஜோதியின் அண்ணன் தொண்டியில் இருந்து வந்துவிட்டான். தங்கச்சியையும் பிள்ளையையும் கூட்டிப் போகிறேன் என்றான். மருமகள் போகட்டும், அவள் வயசுக்கு அவள் வழி. பிள்ளையைக் கொடுக்க முடியாது என்று நான் சொல்லிவிட்டேன். அதற்குத்தான் கூட்டம்.

என்ன, எட்டைக் கையில் எடுத்துவிட்டீர்கள். நீங்கள் என்ன ஏற்றப் போகிறீர்கள்? வலை, ஐஸ் பெட்டி, நாலு ஆள். அதெல்லாம் ஒரு பாரமா? பதினொன்றை மாட்டுங்கள். மீன் ஏலத்துக்கு முதலில் வருகிறவனுக்குத்தான் விலை. எட்டு சும்மா கிடக்கிறது, வேண்டுமானால் அதையும் கொண்டு போங்கள், எனக்கு எதற்கு? ஆனால் மாட்டுவது பதினொன்றாக இருக்கட்டும். விசிறி விஷயத்தில் என் பேச்சைக் கேளுங்கள்.

இல்லை, எட்டுதான் என்கிறீர்களா. சரி. உங்கள் இஷ்டம். இந்தக் காலத்தில் யார் சொல்லி யார் கேட்கிறார்கள்.

கூட்டம் ஏலக் கொட்டகையில் நடந்தது, போன வாரம், காலையில். ஊர்த் தலைவர் எடுத்த எடுப்பிலேயே, "தாய் இருக்கறப்ப பிள்ளை தாயோடதான், இதுல பேச என்னண்ணே இருக்கு" என்றார். நான் விடவில்லை. "என் மகனோட ரத்தம் அது. இந்தக் கரையில பிறந்த பிள்ளை. என் விரலைப் பிடிச்சு நடந்த பிள்ளை. அதையே கேளுங்க, அது என்ன சொல்லுதோ அதுதான்" என்றேன். ஆமாம், நான்தான் கேட்கச் சொன்னேன். எனக்கு அவ்வளவு நம்பிக்கை. முதல் நாள்தான் அவளுக்குச் சைக்கிள் வாங்கிக் கொடுத்திருந்தேன்.

"சைக்கிளை வாங்கிக் குடுத்துட்டுக் கேக்கச் சொல்றீகளாக்கும்" என்றான் அண்ணன்காரன். நாலு பேர் சிரித்தார்கள். நாகஜோதிதான் அவனை அடக்கினாள். "கேக்கட்டும்ண்ணே. அவ இவருகூட இருக்கேன்னு சொன்னா நானும் இங்கேயே இருந்துட்டுப் போறேன்" என்றாள். அவள் அப்படிச் சொல்வாள் என்று நான் நினைக்கவில்லை.  அப்போதே வீட்டை எப்படி ஒழுங்கு பண்ணுவது, இலக்கியா படிக்க எந்தப் பக்கம் விளக்குப் போடுவது என்றெல்லாம் மனசுக்குள் ஓடத் தொடங்கிவிட்டது.

தலைவர் இலக்கியாவைக் கூப்பிட்டு நடுவில் நிறுத்தினார். "பயப்படாம சொல்லு ஆத்தா. தாத்தாகூட இந்த ஊர்ல இருக்கியா, அம்மாகூட மாமா ஊருக்குப் போறியா?"

அவள் என்னைப் பார்க்கவில்லை. அம்மாவையும் பார்க்கவில்லை. அம்மாவோடு போகிறேன் என்றாள். "லீவுக்குத் தாத்தாவைப் பார்க்க வருவேல்ல?" என்று நான்தான் கேட்டேன். வர மாட்டேன் என்றாள்.